கப்பலின் கீழ்ப்பாதி

அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். டார்ச் என்றால்தான் திரும்புவான். சின்ன வயதில் எதைக் கண்டாலும் அதன் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க டார்ச் லைட்டைத் தூக்கிக்கொண்டு குனிந்துவிடுவான். கட்டிலுக்கு அடியில், அக்காவின் தையல் மெஷினுக்கு அடியில், தெருமுனையில் நிறுத்தியிருக்கும் பஸ்ஸுக்கு அடியில். ஒருநாள் பஸ் டிரைவர் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்.

"உள்ளே என்னடா தேடுறே?"

"ஒண்ணும் தேடலை. சும்மா பார்த்தேன்."

புகார் சொல்ல வீடு வரை வந்த டிரைவர் அக்காவைப் பார்த்ததும் புகாரை மறந்துவிட்டார். அடுத்த வருஷம் அவரே மாமாவாகிவிட்டார். பஸ்ஸுக்கு அடியில் கிடைத்த சம்பந்தம் என்று இன்றைக்கும் அவரைக் கேலி செய்வார்கள்.

அம்மாவும் அப்பாவும் சீக்கிரம் போய்விட்டதால், டார்ச்சை வளர்த்தது அவனைவிடப் பத்து வயது மூத்த அக்காதான். பள்ளிச் சீருடைகள் தைத்து வளர்த்தாள். படிப்பை எட்டாவதோடு நிறுத்தியவள். ஆனால் அவள் வெட்டிய துணியில் ஒரு நூல் கோணலாகப் போனதை யாரும் பார்த்ததில்லை. தம்பியையும் அப்படித்தான் வெட்டித் தைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் துறைமுகம் தெரியும். இந்தப் பக்கம் சரக்குத் துறைமுகம், அந்தப் பக்கம் கடற்படைத் தளம், நடுவில் ஒரு நீண்ட மதில். மதிலுக்கு அப்பால் நிற்கும் கப்பல்களின் மேல்பாதி மட்டும்தான் கண்ணுக்குக் கிடைக்கும். சாம்பல் நிறக் கம்பங்கள், ஓயாமல் சுற்றும் ஏதோ ஒரு தட்டு, ஒரு கொடி. மிச்சத்தை மதில் மறைத்துவிடும். மதில் தாண்டிக் கப்பல் கடலுக்குள் போகும்போது பார்க்கலாம் என்றால், அங்கே தண்ணீர் மறைத்துவிடும்.

தளத்துக்குள் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது என்று முதன்முதலில் சொன்னது மாமாதான். அவர் தளத்து ஊழியர்களை வாசல் வரை கொண்டு விடுகிற பஸ் ஓட்டுகிறவர். கப்பலைப் பள்ளத்துக்குள் விட்டு, கதவை அடைத்து, தண்ணீரை இறைத்துவிடுவார்களாம். கப்பல் மரக்கட்டைகள் மேல் முழு உருவமாக உட்காருமாம். அதற்கு அடியில் ஆட்கள் நடந்து போவார்களாம், தலைக்கு மேலே கப்பலின் வயிறு இருக்குமாம்.

"நீங்க பார்த்தீங்களா மாமா?"

"நான் எங்கடா பார்த்தேன்? வாசல்ல இறக்கி விட்டுட்டு வண்டியைத் திருப்பணும். ஏறுறவங்க பேசிக்கிட்டதுதான்."

அன்றைக்குப் பிடித்தது அந்த ஆசை. பையன்களுக்கு வருகிற ஆசைகள் மீசை முளைக்கும்போது உதிர்ந்துவிடும். இவனுக்கு உதிரவில்லை. வெல்டிங் கற்றுக்கொள்ளப் போனதே அதனால்தான். கப்பலின் அடியில் நிற்க அனுமதி உள்ள மனிதர்கள் யார் என்று விசாரித்தான். வெல்டர் என்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

ஆனால் அவனுக்கு வாய்த்தது பார்ஜ். மணலும் கரியும் ஏற்றி இன்னொரு படகு இழுத்துப் போகிற தட்டைப் படகுகள். அவற்றைக் கரையில் இழுத்துப் போட்டு ஓட்டை அடைக்கிற தனியார் பட்டறையில் வேலை. பார்ஜுக்கும் அடி உண்டுதான். சோப்பு டப்பாவுக்கு இருக்கிற மாதிரி ஒரு அடி. அதில் மல்லாந்து கிடந்து பல வருஷம் வெல்டு வைத்தான். அவன் வைத்த வெல்டைத் தடவிப் பார்த்துவிட்டு அக்கா ஒருமுறை சொன்னாள்: "ஓவர்லாக் போட்ட மாதிரி இருக்குடா." அவள் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு பாராட்டு யாருக்கும் வந்ததில்லை.

இந்தக் கை அவனுக்குச் சோறு போட்டது. இதே கைதான் அவனை ஒருமுறை கவிழ்க்கவும் செய்தது.

அவன் முதலில் சேர்ந்தது வேறொரு கம்பெனி. அங்கே அவனோடு சேர்ந்தவன் ஒருவன், எல்லாரும் ஒல்லி என்று கூப்பிடுவார்கள். ஒல்லிக்கு உட்கார்ந்து வெல்டு வைக்க வரும். தலைக்கு மேலே வைக்க வராது. தீப்பொறி கழுத்தில் விழுந்ததும் கை நடுங்கிவிடும். தேர்ச்சிச் சோதனையில் தலைக்கு மேலே ஒரு தகடு ஒட்டிக் காட்டினால்தான் வேலை நிரந்தரம். "எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்குடா" என்று ஒல்லி அழுதான். டார்ச் தன் தகட்டை முடித்தான். பிறகு ஒல்லியின் சட்டையையும் ஹெல்மெட்டையும் மாட்டிக்கொண்டு அவன் தகட்டையும் முடித்துக் கொடுத்தான். முகம் மூடியிருக்கிறது, யாருக்குத் தெரியப் போகிறது?

சோதனை செய்தவர் இரண்டு தகடுகளையும் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கட்டைவிரலால் ஒன்றைத் தடவினார். மற்றொன்றைத் தடவினார். "ரெண்டும் ஒரே கை" என்றார். அன்று சாயங்காலமே இரண்டு பேரும் வெளியே. சான்றிதழில் 'முறைகேட்டுக்காக நீக்கம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அக்கா கத்தவில்லை. "முகத்தை மூடிட்டா கை மறைஞ்சிடுமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பிறகு பல நாள் அவனுக்குச் சோறு வைத்தாள், பேச்சு வைக்கவில்லை.

அதோடு புத்தி வந்திருக்க வேண்டும். பல வருஷம் கழித்து அதே ஒல்லி சிரித்துக்கொண்டு வந்து நின்றான். கூட்டாக ஒரு பட்டறை போடலாம், இரும்புக் கேட், கிராதி, படிக்கட்டு எல்லாம் செய்யலாம், எத்தனை நாள் அடுத்தவன் பார்ஜுக்கு அடியில் கிடப்பாய் என்றான். பைனான்ஸ் கம்பெனியில் கடன் டார்ச் பெயரில். வாடகை ஒப்பந்தம் டார்ச் பெயரில். பெயர்ப்பலகையில் மட்டும் இரண்டு பேர். வேலை வரத்து குறைந்ததும் ஒல்லி மனைவியோடு வேறு ஊருக்குப் போய்விட்டான். மெஷினைக் கம்பெனிக்காரன் தூக்கிப் போனான். கடன் மட்டும் நகராமல் நின்றது.

பிறகு போன்கள் வந்தன. முதலில் "சார் இருக்காரா" என்று கேட்டார்கள். அப்புறம் சார் போய்விட்டது, அப்புறம் மரியாதையே போய்விட்டது. ஒருநாள் மாமா எடுத்தார். "அவனா? பஸ்ஸுக்கு அடியில இருக்கான். டார்ச் அடிச்சுப் பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். வீடே சிரித்தது. டார்ச் மட்டும் மொட்டை மாடிக்குப் போய்விட்டான்.

ஓடி ஒளியாமல் அவனே கம்பெனிக்குப் போய் உட்கார்ந்து பேசினான். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு மாதத் தவணை என்று முடிவாயிற்று. அவன் பார்ஜ் பட்டறைக்கே திரும்பிப் போனான். சம்பள நாளன்று பட்டறையிலிருந்து நேராகப் பைனான்ஸ் கம்பெனி கவுண்டர், அப்புறம்தான் வீடு. மழை, காய்ச்சல், எதற்கும் தவறியதில்லை. பெண் பார்க்கலாமா என்று கேட்டால், "முதல்ல கவுண்டர்க்காரியைச் சமாளிக்கிறேன்" என்பான்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் மதில் கதவைக் கொஞ்சம் திறந்தது. கடற்படைக் கப்பல் ஒன்று பழுது பார்க்கப் பள்ளத்துக்குள் வந்திருந்தது. அடித்தகடுகள் நிறைய மாற்ற வேண்டும், தளத்து ஆட்கள் போதவில்லை. பட்டறைக்கு அந்த வேலையில் ஒரு பங்கு கிடைத்தது. மேஸ்திரி தகரக் கொட்டகையில் எல்லாரையும் நிறுத்தி, தலைக்கு மேலே வெல்டு வைக்கத் தெரிந்தவர்கள் பெயரைப் படித்தார். முதல் பெயர் டார்ச்.

"ஆனா ஒண்ணு," என்றார் மேஸ்திரி. "க்ளியரன்ஸ் வேணும். உன் ஜாதகத்தையே கேட்பாங்க. எவன்கிட்ட வேலை பார்த்தே, எவனுக்குக் கடன்பட்டே, எல்லாம். சுத்தமா இருக்கணும்."

டார்ச் சிரித்து வைத்தான்.

விண்ணப்பத்தை அக்காவின் வெட்டு மேஜையில் விரித்து வைத்தார்கள். அவள் சாக்குக்கட்டியையும் கத்தரியையும் ஓரமாகத் தள்ளினாள். முதலில் பென்சிலில் எழுதச் சொன்னாள். தான் ஒருமுறை படித்த பிறகு பேனா. பிறந்த தேதி, முகவரி எல்லாம் சரளமாகப் போனது. எந்த வேலையிலிருந்தாவது நீக்கப்பட்டிருக்கிறீர்களா என்ற கேள்வியில் பென்சில் நின்றது.

"மேஸ்திரி 'இல்லை'ன்னு போடச் சொல்றாரு. அந்தக் கம்பெனியே மூடிப் போச்சாம். பேயா வந்து சாட்சி சொல்லப் போகுதுங்கறாரு."

"கம்பெனிதானே மூடிச்சு? நீ இருக்கேல்ல?"

"வேலை கிடைக்காமப் போயிடும்க்கா."

"பொய் எழுதிக் கிடைச்சா அது உன் வேலையே இல்லை. மறுபடியும் அடுத்தவன் ஹெல்மெட்டை மாட்டின கதைதான். எழுது. எந்த வருஷம், எதுக்கு, எவனுக்காக, எல்லாத்தையும் எழுது."

எழுதினான். கடன் பற்றிய பக்கத்தில் எதற்கு வாங்கியது, எவ்வளவு மிச்சம், எப்படிக் கட்டுகிறான் என்று வரிவரியாக எழுதினான். அக்கா ரசீதுகளைத் தேதிப்படி அடுக்கிப் பின் குத்தினாள்.

சாப்பாட்டுத் தட்டோடு வந்து நின்ற மாமா சும்மா இருக்காமல் ஒன்று சொன்னார். "எங்க டிப்போவுல ஒருத்தன் மச்சானுக்குக் கடனாலதான் கிடைக்கலையாம். கடன்காரனை உள்ளே விட பயப்படுவாங்களாம். எவனாவது வந்து, 'உன் கடனை நான் அடைக்கிறேன், உள்ளே என்ன இருக்குன்னு மட்டும் சொல்லு'ன்னு கேட்டா சொல்லிடுவானாம்."

"இவனா சொல்வான்?" என்றாள் அக்கா.

"இவன் சொல்வான்னு நான் சொன்னேனா? அவங்க அப்படி யோசிப்பாங்கன்னேன்."

அக்கா, பின் குத்திய ரசீதுகளை மறுபடி எடுத்து, ஓரம் தட்டி, மறுபடி வைத்தாள். டார்ச் அதைப் பார்த்தான். அக்கா எதையும் இரண்டு தரம் செய்கிறவள் என்பதால் அதில் அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அதன் பிறகு வந்த நாட்கள் அவன் வாழ்க்கையில் நல்ல நாட்கள். மதிய இடைவேளையில் பார்ஜுக்கு அடியில் கழுத்தை வளைத்து வெல்டு வைத்துப் பழகினான். சாயங்காலம் மொட்டை மாடியில் நின்று, மதிலுக்கு மேலே தெரியும் கம்பங்களை வைத்துக் கப்பல் எவ்வளவு நீளம், அடி எங்கே குறுகும் என்று கணக்குப் போட்டான். துணி காயப்போட வந்த அக்காவிடம் கையை விரித்துக் காட்டினான். "இங்கே அகலமா ஆரம்பிச்சு, இப்படி வளைஞ்சு, பின்னாடி போய்க் கத்தி மாதிரி ஆயிடும்க்கா." அக்கா ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் கையையே பார்த்தாள்.

வீட்டில் ஒரு மூலை காலியாக இருந்தது. அக்கா எம்பிராய்டரி மெஷின் வாங்க ஒதுக்கி வைத்த இடம். சீருடையில் பள்ளிச் சின்னம் தைக்க அவள் வெளியே கொடுத்து வாங்குகிறாள். சொந்த மெஷின் இருந்தால் அந்தக் கூலி மிஞ்சும். பல வருஷச் சேமிப்பு. முன்பணம் கட்டியாயிற்று, சுவரில் புது பிளக் பாயின்ட் கூட வைத்தாயிற்று.

"மெஷின் எப்பக்கா வருது?"

"வரும் வரும். கம்பெனிக்காரன் இழுத்தடிக்கிறான்."

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். சாதாரண அலுவலக அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, மின்விசிறி. பெரிய மீசையோடு யாராவது உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துப் போனான். இருந்தது அக்கா வயதில் ஒரு பெண் அதிகாரி. மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். குரல் உயரவே இல்லை.

நீக்கப்பட்ட கதையைச் சொல்லச் சொன்னார். சொன்னான். ஹெல்மெட்டை மாற்றிக்கொண்ட இடம் வந்தபோது அதிகாரியின் உதட்டோரம் லேசாக அசைந்த மாதிரி இருந்தது.

"அதே நண்பருக்காகத்தான் இந்தக் கடனும், இல்லையா?"

"ஆமாங்க."

"ஒரே ஆளுக்காக ரெண்டு தடவை மாட்டியிருக்கீங்க. மூணாவது தடவை வந்தார்னா?"

டார்ச் யோசித்தான். "போன் பண்ணா எடுப்பேங்க. எடுக்காம இருக்க மாட்டேன். ஆனா இந்தக் கையை இனி இரவல் தர மாட்டேன்."

அதிகாரி அதை எழுதிக்கொண்டார். முகத்தில் திருப்தி தெரிந்தது. அப்படித்தான் அவனுக்குப் பட்டது. மதிலின் கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது.

"கடனில் இப்போ எவ்வளவு பாக்கி?"

அடுத்த சம்பள நாள் இன்னும் வரவில்லை என்பதால் விண்ணப்பத்தில் எழுதிய தொகையையே சொன்னான். பைசா சுத்தமாகச் சொன்னான்.

அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு காகிதத்தைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"பாக்கி ஒன்றும் இல்லையே. உங்க கணக்கு முடிஞ்சிருக்கு. நீங்க விண்ணப்பம் கொடுத்த அடுத்த வாரம், மொத்தமும் ரொக்கமா கட்டியிருக்கு. கட்டியவர் பெயர் உங்க பெயர்."

"நான் கட்டலைங்க."

"அப்போ யார்?"

அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது. காலியாகக் கிடக்கும் மூலையும் சுவரில் வேலையில்லாமல் இருக்கும் பிளக் பாயின்ட்டும் கண் முன்னால் வந்தன. ஆனால் தெரிந்தது வேறு, கண்ணால் பார்த்தது வேறு. அவள் வாயால் சொல்லாததை அவன் எப்படிச் சொல்வான்?

"தெரியலைங்க. கேட்டுட்டு வந்து சொல்றேன்."

"கேட்டுட்டு வந்து," என்று அதிகாரி மெதுவாகத் திருப்பிச் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றான். அக்கா மெஷினில் காலர் தைத்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குக்கா கட்டினே?"

மெஷின் நின்றது. "யாரு சொன்னா? அந்தக் கவுண்டர்க்காரியா? சொல்லாதேன்னு அவ்வளவு சொன்னேனே."

"என் பேரில ஏன் கட்டினே?"

"பின்னே என் பேரிலயா கட்டுவாங்க? கடன் உன்னுது. நீயே அடைச்ச மாதிரி இருக்கட்டும், உள்ளே போறவன் தலை நிமிர்ந்து போகட்டும்னு..." அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "ஏன்டா, நல்லதுதானே?"

"எல்லாத்தையும் உண்மையா எழுதுன்னு நீதானே சொன்னே. நானும் எழுதினேன். எழுதிக் கொடுத்ததுக்கு அப்புறம் அந்த ஒரு வரியை நீ பொய்யாக்கிட்டே. தளத்துக்குள்ளே போக மனு போட்டவனுக்குத் திடீர்னு எங்கேயிருந்தோ ரொக்கம் வந்திருக்கு. யார் கொடுத்தான்னு கேட்டா தெரியாதுங்கறான். நீயே அந்த நாற்காலியில இருந்தா என்ன நினைப்பே?"

மாமா உள்ளேயிருந்து வந்தார். நிலைமையைப் பார்த்தார். டிப்போவில் கேட்ட கதையைத் தான் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அவர் முகம் சொல்லியது. அன்றைக்கு அவரிடமிருந்து ஒரு ஜோக் கூட வரவில்லை.

அக்கா காலரை எடுத்துத் தையலைப் பார்த்தாள். பாதியில் கோணிப் போயிருந்தது. கத்தரி நுனியால் ஒவ்வொரு தையலாகப் பிரிக்க ஆரம்பித்தாள். தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "அந்த அம்மாகிட்ட நானே சொல்றேன்."

அதிகாரி வீட்டுக்கே வந்தார். அக்கம்பக்கத்தில் விசாரிப்பது அவர்கள் வழக்கமாம். அக்காவோடு தனியாகப் பேச வேண்டும் என்றார். டார்ச் மொட்டை மாடிக்குப் போனான். பிற்பகல் வெயில். கப்பலின் கம்பங்கள் அசையாமல் நின்றன. கீழே அந்தப் பள்ளத்தில் இப்போது யாரோ கழுத்தை வளைத்து வெல்டு வைத்துக்கொண்டிருப்பான். தீப்பொறி கொட்டும். அந்த நீலவெளிச்சத்தில் கப்பலின் வயிறு ஒரு கணம் தெரிந்து மறையும். டார்ச் மதிலைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

வாசல் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அக்கா மேலே வந்தாள்.

"என்னக்கா சொன்னாங்க?"

"நல்லவங்கடா. தண்ணி கேட்டாங்க, கொடுத்தேன். தையலைப் பார்த்து யார்கிட்ட கத்துக்கிட்டீங்கன்னாங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "மெஷின் முன்பணத்தைத் திருப்பி வாங்கின சீட்டைக் காட்டினேன். பேங்க் புத்தகத்தைக் காட்டினேன். எல்லாம் சரின்னாங்க. ஆனா கொஞ்சம் பணம் பட்டன் டப்பாவில சேர்த்தது. அதுக்கு நான் எங்கே போறது சீட்டுக்கு? 'யார் யார் எப்ப கொடுத்தாங்க'ன்னா, புள்ளைங்க அம்மாக்கள் தையல் கூலி கொடுத்தாங்கன்னுதான் சொல்ல முடியும்."

"ம்."

"ஒண்ணு கேட்டேன்டா அவங்ககிட்ட. 'கடன் இருந்தா உள்ளே விட மாட்டீங்கதானே, அதனாலதானே அடைச்சேன்'னேன். அதுக்கு அவங்க, கடன் இல்லாத ஆளே கிடையாதுங்கறாங்க. ஓடி ஒளியாம மாசாமாசம் கட்டிட்டு இருந்தான் பாரு, அதைத்தான் அவங்க பார்த்தாங்களாம். உன் ஃபைல்ல இருந்ததிலேயே நல்ல விஷயம் அதுதானாம்." அக்கா துணிக்கயிற்றிலிருந்து ஒரு கிளிப்பை எடுத்துத் திறந்து மூடினாள். "அதைப் போய் நான் பிரிச்சுப் போட்டுட்டேன்."

அவளைத் திட்ட வேண்டும் என்று இரண்டு நாளாக மனசுக்குள் சேர்த்து வைத்த வார்த்தைகள் அவனிடம் இருந்தன. அந்தக் கிளிப்பைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டன.

"மெஷின் போச்சேக்கா உனக்கு."

"மெஷின் கிடக்குது, விடு," என்றாள் அக்கா. அவள் அவனைப் பார்க்கவில்லை. மதிலைத்தான் பார்த்தாள். "ஒரு தடவை நீ அந்த வாசல்ல நுழையறதைப் பஸ்ல உட்கார்ந்து பார்க்கணும்னு இருந்தேன். உன் மாமா டிக்கெட் கேட்க மாட்டார்."

முடிவு தபாலில் வந்தது. மறுப்பு இல்லை. பணம் வந்த வழி முழுதாகத் தெளிவாகாததால் இப்போதைக்கு அனுமதி இல்லை, ஒரு வருஷம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது. பழைய நீக்கத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. பல வருஷமாக எதற்குப் பயந்து கொண்டிருந்தானோ, அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. மாமா கடிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்தில் வேறு ஏதாவது நல்ல சேதி இருக்குமோ என்று.

மேஸ்திரியும் இன்னும் நாலு பேரும் உள்ளே போனார்கள். டார்ச் பார்ஜுக்குப் போனான். சாயங்காலம் பட்டறைக்குக் கணக்கு ஒப்படைக்க மேஸ்திரி வந்தபோது அவன் காத்துக்கொண்டிருந்தான்.

"எப்படி இருக்கு மேஸ்திரி?"

மேஸ்திரி ஊர்க்கதையையெல்லாம் டீக்கடையில் கொட்டுகிற ஆள். பெண்டாட்டியோடு சண்டை போட்டாலும் மறுநாள் பட்டறை முழுக்கத் தெரிந்துவிடும். அவர் வாயைத் திறந்தார், மூடினார்.

"சொல்லக் கூடாதுடா. கையெழுத்து வாங்கிட்டாங்க."

"அடி எப்படி வளையுதுன்னு மட்டும். கையால காட்டுங்க, போதும்."

"டேய், வேண்டாம்டா."

"பெரிசா?"

மேஸ்திரி கழுத்தின் பின்னால் கையை வைத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு, தலையை மெல்ல இடதும் வலதுமாகத் திருப்பினார். நாள் முழுக்க அண்ணாந்து பார்த்தவனின் கழுத்து. அதைப் பார்த்துக்கொண்டு டார்ச் நின்றான். அவ்வளவு உயரமா என்று கேட்க நினைத்தான், கேட்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் அவனுக்கும் கழுத்து வலித்தது.

வேலை முடிந்து கப்பல் புறப்பட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். மூன்று பேரும் மாடியில் நின்று பார்த்தார்கள். கம்பங்கள் மதிலுக்கு மேலே நகர்ந்தன. துறைமுகக் கால்வாயைத் தாண்டித் திறந்த கடலுக்கு வந்ததும் சாம்பல் நிற உடம்பு தெரிந்தது, தண்ணீர்க்கோடு வரைக்கும். புதுத் தகடுகள் எல்லாம் அதற்குக் கீழே.

"இன்னும் எவ்வளவுடா கீழே இருக்கு?" என்றாள் அக்கா.

டார்ச் கையை விரித்து, வளைத்து, பின்னால் கத்தி மாதிரி ஒன்று சேர்த்துக் காட்டினான். முன்பு காட்டியது போலவேதான் காட்டினான். ஆனால் கை கொஞ்சம் தயங்கியது. சரிதானா என்று சொல்ல ஆளில்லை.

அடுத்த சம்பள நாளன்று அவன் பைனான்ஸ் கம்பெனித் தெருவைத் தாண்டி பேங்குக்குப் போனான். பழைய தவணைத் தொகையை அக்காவின் கணக்கில் போட்டான். அக்கா முதலில் சண்டை பிடித்தாள்: "நான் என்ன பைனான்ஸ் கம்பெனியா?" அப்புறம் அவளே யோசித்து, பட்டன் டப்பாவைக் கவிழ்த்துப் பேங்கில் போட்டுவிட்டு வந்தாள். இனி சீருடைக் கூலி எதுவும் டப்பாவுக்குள் போவதில்லை; வாங்கும் ஒவ்வொரு அம்மாவுக்கும் ரசீது எழுதிக் கொடுக்கிறாள். அந்த அம்மாக்கள் இவளுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கிறார்கள்.

வருஷம் முடியும் முன்பே புது விண்ணப்பத்தை வாங்கி வைத்தாயிற்று. வெட்டு மேஜையில் வைத்துப் பென்சிலில் எழுதினார்கள். கடன் பகுதி வந்தது. யாரிடம் என்ற இடத்தில் டார்ச் 'அக்கா' என்று எழுதினான். அக்கா பென்சிலை வாங்கி, தன் முழுப் பெயரையும் முகவரியையும் தொழிலையும் தெளிவாக எழுதிக் கொடுத்தாள். எழுதிய பிறகு கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். தடித்த பருத்தித் துணியில் நாலு மடிப்பு வைத்து, உள்ளே பஞ்சு அடைத்து, நெருக்கமாகத் தையல் ஓட்டிய ஒரு கழுத்துப் பட்டை. தீப்பொறி விழாமல் இருக்க மேலே ஒரு மடல். கழுத்தின் பின்பக்கம் தாங்குகிற இடத்தில் மட்டும் இன்னொரு மடிப்பு கூட.

"மேஸ்திரி கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னாருன்னியே."

டார்ச் அதை மாட்டிக்கொண்டு அண்ணாந்து கூரையைப் பார்த்தான். கச்சிதமாக இருந்தது. மாமா பக்கத்தில் வந்து தானும் அண்ணாந்து பார்த்தார். "என்னடா தெரியுது?"

"ஒட்டடை."

டார்ச் அக்கா பக்கம் திரும்பினான். "நாளைக்கே போட்டுக்கிட்டுப் போறேன்க்கா. ரொம்ப சௌகரியமா இருக்கு."

"பார்ஜுக்கா?" அக்கா அதை அவன் கழுத்திலிருந்து கழற்றி, மடிப்புக் கலையாமல் காகிதத்தில் சுற்றி, மறுபடி இழுப்பறைக்குள் வைத்தாள். "கரி ஆக்கிடுவே. இது அதுக்கு இல்லை."